கயலின் தும்மலும் ராஜி சித்தியின் மருந்துக் குறிப்பும்

கயல் (ரெடிங்): அனைவருக்கும் வணக்கம். மே மாதம் பாதி கடந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் தும்மல் அடுக்கடுக்காக வருகிறது. மூக்கு தண்ணீராய் ஒழுகுகிறது, கண்ணும் மேலண்ணமும் ஓயாமல் அரிக்கின்றன. ராஜி சித்தி, செட்டிரிசின் மாத்திரை போட்டுத் தும்மல் குறைந்தாலும் மூக்கடைப்பு விடவில்லை. பகலில் தூக்கம் வேறு வருகிறது. தேர்வு நெருங்குவதால் கவலையாக இருக்கிறது.

பெரியம்மா (மதுரை): கண்ணு, இங்கே இருந்தவரை நீ இப்படித் தும்மியதே இல்லையே! நொச்சி இலை கிடைக்காவிட்டால் வெறும் வெந்நீரிலாவது ஆவி பிடி, இரவில் மிளகுப் பால் குடி. காய்ச்சல் அடிக்கிறதா?

கயல் (ரெடிங்): காய்ச்சல் இல்லை, பெரியம்மா. இங்கு வந்த முதல் இரண்டு கோடையிலும் இந்தத் தொல்லை இருந்ததில்லை.

ராஜி சித்தி (லெஸ்டர்): அக்கா, இது சளி அன்று, ஹே ஃபீவர் என்னும் மகரந்த ஒவ்வாமை. இங்கிலாந்தில் மே நடுவிலிருந்து ஜூலை வரை புல் பூக்கும் காலம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பலருக்குச் சில கோடைகள் கழிந்த பிறகே உடல் அந்த மகரந்தத்தை எதிர்க்கத் தொடங்குகிறது. ஆவி சற்று நேரம் இதமாக இருக்கும். ஆனால் மூக்கினுள் இருக்கும் அழற்சியை அது தணிக்காது.

கயல், மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் சிறந்த மருந்து. புளூட்டிகசோன், பெக்லோமெட்டசோன் இரண்டும் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அடித்த அன்றே பலனை எதிர்பார்க்காதே. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்பதால், நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் அடிக்க வேண்டும்.

கயல் (ரெடிங்): தோழி ஒருத்தியின் ஸ்ப்ரேயை ஒருமுறை பார்த்தேன், சித்தி. அவள் அடித்தால் மருந்தெல்லாம் தொண்டைக்குள் இறங்கிக் கசக்கிறதாம்.

ராஜி சித்தி (லெஸ்டர்): தலையை அண்ணாந்து, பலமாக உறிஞ்சினால் அப்படித்தான் ஆகும். முதலில் மூக்கைச் சிந்தி, புட்டியை நன்றாகக் குலுக்கு. தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடி. அப்போதுதான் முனை நடுச்சுவரை விட்டு விலகிக் காதுப் பக்கம் நோக்கும். நடுச்சுவரிலேயே தொடர்ந்து மருந்து பட்டால் அந்த இடம் புண்ணாகி இரத்தம் கசியும். அடிக்கும்போது மெல்ல மூச்சை இழுத்தால் போதும்.

தூக்கம் வருவதால் செட்டிரிசினை விட்டுவிட்டு, தேர்வு முடியும்வரை லொரடடின் அல்லது ஃபெக்ஸோஃபெனடின் எடுத்துக்கொள். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கண் அரிப்புக்குச் சோடியம் குரோமோகிளைகேட் சொட்டு மருந்து இருக்கிறது. வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றிவிடு, இல்லாவிட்டால் முடியில் ஒட்டிய மகரந்தம் இரவு முழுவதும் தலையணையில் கிடக்கும். துணியை வெளியில் உலர்த்தாதே.

அப்பா: ராஜி, கயலுக்குச் சிறு வயதில் மூச்சு இளைப்பு இருந்தது நினைவிருக்கிறதா? இதனால் அது திரும்பி வருமா?

ராஜி சித்தி (லெஸ்டர்): வரக்கூடும் அண்ணா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. 2016 நவம்பரில் மெல்போர்னில் புல் மகரந்தம் மிகுந்திருந்த நாளில் இடிமழை பெய்தபோது, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அவர்களில் பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமாவே இருந்ததில்லை, ஹே ஃபீவர் மட்டுமே இருந்தது. கயல், மூச்சில் விசில் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ தெரிந்தால் உன் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் அன்றைக்கே பேசு. மூச்சு விடவே சிரமமானால் அவசர உதவி எண் 999-ஐ அழை. மகரந்த அளவு மிக அதிகம் என்று வானிலைத் துறை அறிவித்த நாளில் இடிமழையும் வந்தால், சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு.

கயல் (ரெடிங்): சரி சித்தி, இளைப்பு இப்போது இல்லை. மாலையில் கடைக்குப் போகிறேன்.

பெரியம்மா (மதுரை): மிளகுப் பாலையும் மறக்காதே கண்ணு, மருந்தோடு அதுவும் இருக்கட்டும்.

ராஜி சித்தி (லெஸ்டர்): தாராளமாகக் குடிக்கட்டும் அக்கா. கயல், அதே அடுக்கில் சைலோமெட்டசோலின் ஸ்ப்ரேயும் இருக்கும். அது அடைப்பை நொடியில் திறந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் அடித்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். பணம் கட்டுவதற்குமுன் பெட்டியின் பெயர் தெரியும்படி படமெடுத்து இங்கே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.