‘லேசர் லெவல்’ தமிழில்: ஒளிமட்டமா, ஒளிநூலா, சீரொளி மட்டமா?

ஆரையம்பதியிலிருந்து:
வணக்கம். பெயர்ப்பலகை பொருத்தும் பயிற்சி வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லேசர் கதிரால் மட்டம் காட்டும் ‘லேசர் லெவல்’ கருவிக்கு இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை. இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லத் தோதான சொல் வேண்டும். ஒன்று சுவரில் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் கோடு போடுவது. மற்றது தலை சுழன்று, சுற்றிவர ஒரே உயரத்தில் கதிர் வீசுவது. நான் ‘ஒளிமட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கல்முனையிலிருந்து:
ஸலாம் சேர். ‘ஒளிமட்டம்’ என்றால் வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் விளங்குவார்கள். வெளிவேலையில் வெளிச்சம்தான் முதல் பிரச்சினை, அதே சொல்லைக் கருவிக்கும் வைத்தால் குழம்பும். பச்சைக் கதிர் கண்ணுக்குச் சிவப்பைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரியும், ஆனாலும் நடுப்பகல் வெயிலில் பத்தடிக்கு அப்பால் அதுவும் தெரியாது. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் கடைகள் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்தவை. மேற்குப் பார்த்த கடைக்கு விடியக்காலையில் கோடு போடலாம், கிழக்குப் பார்த்ததற்குப் பின்னேரம். அது சரிவராவிட்டால் லேசர்க் கதிர் பட்டதும் சத்தமிடும் கருவியைக் கோலில் பூட்டித்தான் பிடிக்க வேணும். அதற்குக் கோடு போடும் லேசரில் துடிப்பு முறை (கதிர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிவது) இருக்க வேணும், இல்லாவிட்டால் கருவி சத்தமே போடாது. கோல் சரிந்தாலும் அளவு பிழைக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
வேலையைத் தம்பி நன்றாகச் சொன்னார். சொல்லுக்கு வருவோம். கொத்தனார் ‘நூல் பிடிக்கிறது’ என்கிறாரே, அதைவிட நல்ல வேர் எங்கே கிடைக்கும்? நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் ‘நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு’ வகுக்கிறார்கள். அங்கே ‘நூல்’ கட்டடக் கலை நூல்தான், ஆனால் கயிறு அன்றே கட்டடக் கருவி. இன்று பருத்தி நூலுக்குப் பதில் ஒளி. ஆகவே ‘ஒளிநூல்’. ‘மட்டம்’ தெருவில் ‘மட்டமான சாமான்’ என்று இழிந்துபோன சொல். குறளின் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ நினைவுக்கு வந்தாலும், ‘சமன்’ வடசொல் என்பதால் அதைத் தொட மனமில்லை.

கல்முனையிலிருந்து:
ஐயா, வேலைத்தளத்தில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ‘வலது பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு’ என்றால் கால் அங்குலம். ‘ஒளிநூலில் ரெண்டு நூல் பிழை’ என்று வகுப்பில் எப்படிச் சொல்வது?

மட்டுநகரிலிருந்து:
‘மட்டம்’ இழிந்த சொல் என்றால் எங்கள் ஊர் மட்டக்களப்பை என்ன செய்வது ஐயா? மட்டம் + களப்பு (கடலோர நீர்நிலை). களப்பின் நீர்ப்பரப்பு மட்டமாகக் கிடப்பதால் வந்த பெயர் என்பதே என் எண்ணம். சிங்களத்தில் ‘மட’ என்பது சேறு, அதனால் சேற்றுக் களப்பு என்பாரும் உண்டு. களப்பு நீரும் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணிக் குழாய் நீரும் ஒரே விதிப்படி மட்டம் காட்டுகின்றன. குழாயில் காற்றுக் குமிழி மாட்டினால் பிழை காட்டும். அந்தக் குழாய் காட்டும் மட்டத்தோடு ஒட்டுகிற சொல்தான் பழைய கைகளுக்கும் விளங்கும். என் வாக்கு ‘சீரொளி மட்டம்’. லேசருக்குச் ‘சீரொளி’ ஏற்கெனவே புழங்குகிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
ஊர்ப்பெயரில் வருவது மட்டமா, எல்லை என்னும் பொருளில் ‘மட்டு’வா என்பதை இன்னும் பேசலாம். ‘மட்டு’ தேனையும் குறிக்கும். தனி மடல் போடுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சொல் எதுவானாலும் சோதிக்கும் முறையைக் கையேட்டில் விடாதீர்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர். முதற் சுவருக்குக் கிட்ட கருவியை வைத்து அங்கே ஒரு குறி, திருப்பி எதிர்ச்சுவரில் ஒரு குறி. பிறகு எதிர்ச்சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய், அங்குள்ள குறியில் கதிர் விழும்படி உயரத்தைச் சரிசெய்து, திருப்பி முதற் சுவரில் இன்னொரு குறி. முதற் சுவரின் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து மீட்டருக்கான பிழை. 3 மில்லிமீட்டருக்கு மேலே போனால், ±0.3 மி.மீ./மீ. என்று விற்ற கருவி விழுந்தோ அடிபட்டோ இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முக்காலியைத் தாழ்த்திக் கால்களை அகட்டி வைக்க வேணும். பஸ் போகும்போது கோடு நடுங்கும், நின்றபிறகுதான் குறி போட வேணும். என் வாக்கு ‘லேசர் மட்டம்’. கடையில் கேட்டால் சாமானை எடுத்துத் தருவார்கள்.

மட்டுநகரிலிருந்து:
இன்னொன்று. கடையின் சன்ஷேட் சரிந்திருந்தால், லேசர்க் கோட்டுக்குப் பொருத்திய இருபதடிப் பலகை சரியாக இருந்தும் சரிந்ததாகத் தெரியும். சன்ஷேட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு முனையிலும் அளந்து, கடைக்காரரிடம் காட்டிவிட்டுத் துளை போடுவது நல்லது. அங்கர் போல்ட் இறுகிய பிறகு பேசிப் பலனில்லை.

ஆரையம்பதியிலிருந்து:
நன்றி. மூன்று பேர் ‘மட்டம்’ பக்கம். நேரமில்லாததால் கையேட்டின் பாடப் பகுதியில் ‘லேசர் மட்டம்’, சொற்பட்டியலில் ‘சீரொளி மட்டம்’. வகைகள் ‘கோட்டு லேசர் மட்டம்’, ‘சுழல் லேசர் மட்டம்’. சத்தமிடும் கருவி ‘கதிர்வாங்கி’. மாற்றமிருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
‘ஒளிநூல்’ என்ற என் கருத்து மாறவில்லை, பதிவில் இருக்கட்டும். ஆனால் கருவிக்குள்ளே தொங்கிக் கோட்டைத் தானாக மட்டமாக்கும் ஊசலைப் பூட்டும் ஆளியை (சுவிட்சை) ‘லொக்’ என்று போடாதீர்கள். ஊசல் + பூட்டு, லகரம் றகரமாகி ‘ஊசற்பூட்டு’.

கல்முனையிலிருந்து:
அந்தச் சொல் நல்லது ஐயா. அதன் கீழே ஒரு வரி சேர்க்க வேணும் சேர்: கொண்டுபோகும்போது பூட்டு, வேலை தொடங்கும்போது திற. திறந்திருக்கையில் சுமார் நாலு பாகைக்கு மேல் சரிந்தால் கோடு மின்னி எச்சரிக்கும். பூட்டியிருந்தால் பல கருவிகள் எவ்வளவு சரிவிலும் ஒன்றும் சொல்லாமல் கோடு போடும், பலகை கோணலாகவே ஏறும். ‘ஊசல் பூட்டு’ என்று பிரித்து அச்சிட்டால் பிள்ளைகள் திணறாமல் வாசிப்பார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
பிரித்தால் அது இரண்டு சொல் தம்பி.