ஆன்லைன் டிகிரி படிக்கிறவங்களை ஒண்ணு சேர்க்க ஐடியா வேணும்

மக்களே, ஒரு உதவி. ஆன்லைன்ல பி.காம். படிக்கிறேன், ரெண்டாவது வருஷம். எங்க வாட்ஸ்அப் குரூப்ல 180 பேர். "அசைன்மென்ட் கடைசி தேதி என்ன?"ங்கிறதைத் தவிர யாரும் வாயே திறக்கிறதில்லை.

போன மாசம் கூகுள் மீட்ல அந்தாக்ஷரி வெச்சேன். வந்தது ஏழு பேர், அதுல அஞ்சு பேர் கேமரா ஆஃப். பாட்டு லேட்டா வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மீன் மார்க்கெட் ஆயிடுச்சு. ஒரு அக்கா மட்டும் குக்கர் விசிலுக்கு நடுவுல முழுப் பாட்டையும் பாடிட்டுத்தான் விட்டாங்க!

சென்னை ஐ.ஐ.டி.யோட ஆன்லைன் பி.எஸ். படிப்புல நீலகிரி, பிச்சாவரம்னு காடுகளோட பேர்ல ஹவுஸ் பிரிச்சிருக்காங்க. ‘பாரடாக்ஸ்’ங்கிற ஸ்டூடண்ட்ஸ் விழாவுக்கு கேம்பஸுக்கே கூப்பிடுறாங்க. எங்க காலேஜ்ல கேட்டா, "நீங்களே பண்ணிக்கோங்க"ன்னுட்டாங்க.

பாதிப் பேர் வேலைக்குப் போறவங்க, ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் ஃப்ரீ. லிசெஸ்ங்கிற (Lichess) ஆன்லைன் செஸ் சைட்ல இலவசமா டோர்னமென்ட் வைக்கலாம், ஆனா செஸ் தெரிஞ்சவங்க நாலே பேர். லைவ் இல்லாம, அவங்கவங்க நேரத்துக்குப் போடுற மாதிரி போட்டோ போட்டி வெச்சா ஓடுமா? நடத்திப் பார்த்தவங்க சொல்லுங்க. கோவை, திருப்பூர் பக்கம் ஞாயித்துக்கிழமை 20 பேர் உட்கார இலவச இடம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.