அசெம்பிள் பண்ணின ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே யூயூஐடி (சிஸ்டத்தோட தனி அடையாள நம்பர்), மாத்த வழி இருக்கா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்துல ஒரு அரிசி மில்லுக்கு ரெண்டு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு பில்லிங்குக்கு, இன்னொண்ணு எடைமேடைக்கு. மதர்போர்டு ரெண்டும் ஒரே மாடல். சாப்ட்வேர் லைசென்ஸ் ஒண்ணுல ஏத்தினா மத்ததுல போயிருது.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல மேனுஃபேக்சரர், மாடல் ரெண்டுமே 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்', அதாவது தயாரிக்கிற கம்பெனி நிரப்ப வேண்டிய இடம் சும்மா கிடக்கு. அசெம்பிள் சிஸ்டத்துல இது சகஜம், அத விடுங்க. பவர்ஷெல்ல யூயூஐடி எடுத்துப் பாத்தாத்தான் விஷயம் புரியுது. ரெண்டுலயும் 03000200-0400-0500-0006-000700080009. 2ல இருந்து 9 வரைக்கும் உள்ள எண்ண வச்சு நிரப்பின டம்மி நம்பர் இது. ஊருல எத்தன போர்டுல இதே நம்பர் இருக்கோ!

விண்டோஸ மறுபடி போட்டுப் பிரயோஜனம் இல்ல. நம்பர் இருக்கிறது மதர்போர்டுல உள்ள பயாஸ் சிப்புல, சிஸ்டம் விவரம் வச்சிருக்கிற எஸ்எம்பயாஸ் டேபிள்ல. ரெஜிஸ்ட்ரில ஓஇஎம் இன்ஃபர்மேஷன மாத்தினா விண்டோஸ் காட்டுற பேருதான் மாறும். பயாஸ் அப்டேட்டும் பண்ணியாச்சு, அதே நம்பர்தான்.

ஏஎம்ஐ கம்பெனி பயாஸுக்கு, இந்த விவரத்த மாத்துற டிஎம்ஐ எடிட் டூல் இருக்கு, யூயூஐடிக்கு ஆட்டோ கொடுத்தா புதுசா எழுதிரும். யாராவது செஞ்சிருக்கீங்களா? விண்டோஸ்ல இருந்தே ஓட்டலாமா, இல்ல விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஓடுற ஈஎஃப்ஐ ஷெல்லுதான் நல்லதா? அப்புறம் விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிராம இருக்குமா?

பிசான நெல்லு லோடு லோடா வருது, எடைமேடை நிக்கக் கூடாது. பாளை, நெல்லை ஜங்ஷன் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, சிபியுவத் தூக்கிட்டு நானே வாரேன்.