தெற்கு பிரான்ஸில் யுசெஸ்: கார் இல்லாமல் தங்கலாமா?

மதி_ஊர்சுற்றி:
மே கடைசியில் பாரிஸ் வருகிறோம், அங்கிருந்து ஒரு வார இறுதியை ஒட்டி தெற்கே போகலாம் என்று எண்ணம். எல்லோரும் அவிஞோனில் தங்கச் சொல்கிறார்கள், எனக்கு யுசெஸ் என்ற சின்ன ஊர்தான் மனதில் நிற்கிறது. ரோமானியர்கள் கட்டிய போன் து கார் பாலமும் அங்கிருந்து பக்கம். நாங்கள் கார் ஓட்ட மாட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். பையனுக்கு எட்டு வயது, தண்ணீரைக் கண்டால் கரையேற மாட்டான். சரிப்பட்டு வருமா? எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

கால்நடை_ராஜா:
தாராளமாக யுசெஸிலேயே தங்குங்கள். அவிஞோனைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், போப்புகளின் அரண்மனையும் ஆற்றின் பாதியிலேயே நின்றுவிடும் அந்தப் பழைய பாலமும் பக்கத்துப் பக்கத்தில்தான். யுசெஸ் அப்படி இல்லை, காலையும் இரவும் அங்கே இருந்து பார்க்க வேண்டிய ஊர்.

சனிக்கிழமை கட்டாயம் அங்கே இருங்கள். பிளாஸ் ஓஸெர்ப் சதுக்கத்தில் கல் வளைவுகளுக்கு அடியிலும் மரநிழலிலும் சந்தை கூடும், நேரம் ஆக ஆகப் பக்கத்துச் சந்துகளுக்கும் பரவிவிடும். ஒன்பது மணிக்கு முன்பே போனால் அம்மா நிம்மதியாக நடக்கலாம். புதன்கிழமைச் சந்தை சின்னது. ஃபெனெஸ்த்ரெல் கோபுரத்தைக் கீழே நின்றே பாருங்கள், மேலே ஏற விடுவதில்லை. 12ஆம் நூற்றாண்டு, 42 மீட்டர், வட்டமாக அடுக்கடுக்காக ஜன்னல்கள். மதப் போர்களில் தேவாலயம் இடிந்துபோக இது மட்டும் தப்பியது.

அப்புறம் எர் ஊற்று. நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர்கள் கால்வாயைத் தொடங்கிய இடம் அதுதான், ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தக் கால்வாய் ஆற்றைத் தாண்டுவதற்காகக் கட்டியதுதான் போன் து கார், அதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். நேராக அளந்தால் யுசெஸுக்கும் நீமுக்கும் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் நடுவில் மேடு இருப்பதால் கால்வாய் சுற்றி வளைத்து 50 கிலோமீட்டர் போகிறது. இத்தனை தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 12 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்! பம்பு கிடையாது, தண்ணீர் தானாகவே ஓடியது. ஊற்றைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்தப் பாலத்தை அவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினார்கள் என்று பையனுக்கும் புரியும்.

நீம்வாசி:
யுசெஸுக்கு ரயில் கிடையாது, நீம் அல்லது அவிஞோனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: 'நீம் போன் து கார்' என்று ஒரு டிஜிவி (அதிவேக ரயில்) ஸ்டேஷன் 2019 முதல் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது இருப்பது மாந்துயெல் பக்கம், பாலத்துக்கு அருகில் இல்லை. நீம் நகருக்குள் இருக்கும் ஸ்டேஷனுக்கே எடுங்கள், பஸ் நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது. பாரிஸிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகவும் குறைவு, திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவுக்கு அலைச்சல் ஆகாது என்றால் நீமிலேயே தங்குவதும் நல்ல யோசனைதான், ரோமானிய அரங்கமும் மேஸோன் கரே என்ற ரோமானியக் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

தேவி_அடுப்படி:
சைவத்துக்கு என் அனுபவம். சந்தையில் கறுப்பாக, விழுதாக விற்கும் தபெனாத் ஆலிவ்தானே என்று வாங்கிவிடாதீர்கள், அதில் நெத்திலி மாதிரி ஒரு மீனையும் சேர்த்து அரைப்பார்கள். பிராந்தாத் என்றால் உப்பிட்ட காட் மீன். பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸ் மிக நன்றாக இருக்கும், ஆனால் இந்தப் பக்கத்துச் சீஸ்களில் பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த உறைப்பொருளைச் சேர்ப்பது வழக்கம், அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் கேட்டே வாங்குங்கள். பழம், ரொட்டி, தக்காளி, ஆலிவ் இருக்கவே இருக்கிறது.

மதி_ஊர்சுற்றி:
ஸ்டேஷன் விஷயத்துக்கு ரொம்ப நன்றி, நான் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கில் அம்மாவால் இறங்க முடியுமா? பாலத்துக்கு அடியில் குளிக்கலாமா?

கால்நடை_ராஜா:
இறங்குவதுகூடப் பரவாயில்லை, திரும்ப ஏறுவதுதான் சிரமம். அம்மா மேலே ரசீன் நடைபாதையில் உட்காரட்டும், பள்ளத்தாக்கு முழுக்க அங்கிருந்தே தெரியும். போன் து காரில் அந்தக் கவலை இல்லை, பார்க்கிங்கிலிருந்து பாலம் வரை நல்ல பாதை. மூன்று அடுக்கு, கிட்டத்தட்ட 49 மீட்டர், கீழ் இரண்டு அடுக்கிலும் சாந்தே பூசாமல் கல்லின் மேல் கல் வைத்திருக்கிறார்கள். துருத்திக்கொண்டு நிற்கும் கற்களைப் பையனுக்குக் காட்டுங்கள், சாரம் தாங்குவதற்காக விட்டவை. உச்சியில் தண்ணீர் ஓடிய வழிக்குள் போக வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

கார்தோன் ஆற்றில் குளிக்கலாம். அடியெல்லாம் கூழாங்கல், ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மே மாதத்தில் தண்ணீர் இன்னும் குளிராகவே இருக்கும். செவென் மலையில் மழை கொட்டினால் ஆறு மளமளவென்று ஏறிவிடும், அதனால் முந்தின நாள் அங்கே மழை பெய்ததா என்று பார்த்துவிட்டே பையனை இறக்குங்கள்.