மறு: அயல்நாட்டு மறுஆக்கத் தொடர்களில் ஆண்-பெண் சித்திரிப்பு – ஒரு சொல் வேண்டும்

ஒரு நாட்டுத் தொலைக்காட்சித் தொடரை இன்னொரு நாட்டில் திரும்ப எடுக்கும்போது ஆண், பெண் பாத்திரங்களை அந்த நாட்டுக்கேற்ப மாற்றி எழுதுகிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில்:

> ‘பால்மாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் குழப்பும். அமெரிக்காவின் ‘அக்லி பெட்டி’ தொடரில் (2006–2010), செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய, நாயகியின் முதலாளி டேனியலுடைய அண்ணன் அலெக்ஸ், அலெக்சிஸ் என்ற பெண்ணாகத் திரும்பி வருகிறார். பால்மாற்றம் என்றால் வாசகருக்கு அவர் கதைதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. பாத்திரம் பெண்ணாகவே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எது வெற்றி என்பதை மட்டும் இன்னொரு நாட்டுக்காகத் திரும்ப எழுதுகிறார்கள்.

இதன் மூலத் தொடர் கொலம்பியாவுடையது (1999–2001). அங்கே நாயகி பெட்டி பொருளாதாரம் படித்தவர், எகோமோடா என்ற ஆடை நிறுவனத்தில் செயலாளர். முதலாளி அர்மாண்டோ தன் கடன் சிக்கலுக்காக அவர் பெயரில் ஒரு நிழல் நிறுவனம் தொடங்குகிறார். பெட்டி கைநழுவிப் போகாமலிருக்கக் காதல் நாடகமும் ஆடுகிறார். பெட்டி கடைசியில் எகோமோடாவுக்கே தலைவியாகி, அந்த ஆளையே கட்டிக்கொள்கிறார்! அமெரிக்கப் பெட்டி எழுத ஆசைப்படுபவர், ஃபேஷன் பத்திரிகையில் உதவியாளர். அவருக்குக் கல்யாண முடிவு இல்லை. லண்டனில் வேலை கிடைத்துப் போகிறார். முதலாளி டேனியல் தேடி வந்து சாப்பிட அழைப்பதோடு சரி. கண்ணாடியும் பல்கம்பியும் மட்டும் எங்கும் மாறவில்லை. 2003-இல் சோனியில் வந்த இந்தி மறுஆக்கத்தின் நாயகி ஜஸ்ஸிக்கும் அதே வேஷம்தான்.

ஆண்கள் பக்கமும் இதே கதை. கொலம்பியாவில் வடிவமைப்பாளர் ஹூகோ சிரிப்புக்கென்றே வந்துபோகிற தன்பாலீர்ப்பாளர். அமெரிக்காவில் பெட்டியின் அக்கா மகன் ஜஸ்டின், கடைசி சீசனில், அம்மாவின் கல்யாணத்தில் குடும்பத்தார் முன்னாலேயே காதலனின் கையைப் பிடித்து ஆடப் போகிறான்.

> ‘உள்ளூராக்கம்’ போதாதா?

அது சாப்பாடு, தெரு, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிடும். மென்பொருள்காரர்கள் வேறு அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

என் பரிந்துரை: பால்நிலை மறுவார்ப்பு. ‘பாத்திர வார்ப்பு’ நம் விமரிசனத்தில் பழகிய தொடர், அதனால் விளக்கம் தேவைப்படாது. ‘பாலினம்’ தமிழ்நாட்டில் உடற்கூற்றுக்கும் சமூக வழக்கத்துக்கும் பொதுவாகப் புழங்குகிறது. இலங்கையில் சமூக வழக்கத்தை மட்டும் ‘பால்நிலை’ என்று பிரித்துச் சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை. ஆண் பாத்திரத்தைப் பெண்ணாகவே மாற்றி எழுதுவதற்கு ‘பாத்திரப் பால்மாற்று’ தனியாக இருக்கட்டும்.

வினையாக்கும்போதுதான் இடிக்கிறது. ‘மறுவார்த்தார்கள்’ என்றால் தோசை நினைவு வருகிறது. ‘மறுவார்ப்புச் செய்தார்கள்’ என்று இழுக்க மனமில்லை. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.