அப்டேட்: தம்பி முதுகு கட்டி, பயாப்ஸி ரிப்போர்ட் வந்துடுச்சு

கட்டியிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்புல பார்த்தா ஸ்லைடு முழுக்க ஒரே கறுப்பு, ஒண்ணும் சொல்ல முடியலன்னுட்டாங்கன்னு முன்னாடி புலம்பியிருந்தேன்ல, மெலனினை (தோலுக்கு நிறம் தர்ற கறுப்பு நிறமி) பிளீச் பண்ணி எடுத்த பிறகுதான் செல்லோட நியூக்ளியஸே தெரிஞ்சிருக்கு, பிக்மென்டட் எபிதிலியாய்ட் மெலனோசைட்டோமாவாம், அதாவது அந்த நிறமியை உண்டாக்குற செல்லுல வர்ற ஒரு அபூர்வக் கட்டி. 2004ல வந்த பேரு, அதுக்கு முன்னாடி அனிமல் டைப் மெலனோமான்னு (மெலனோமான்னா நிறமி செல்லுல வர்ற புற்றுநோய்) எழுதின கேஸ்ல நிறைய இதுக்குள்ளதான் வருதாம், நரைச்ச குதிரைங்களுக்கு வாலடியில வர்ற கறுப்புக் கட்டி மாதிரியே இருக்குமாம். நிணநீர்க் கணுவுக்குப் பரவறது உண்டு ஆனா அதைத் தாண்டிப் போறது அபூர்வம், சாதா மெலனோமா கணக்கை இதுக்குப் போட்டு பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. சுத்தி கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுக்கப் போறாங்க, இந்தக் கட்டி சிலருக்கு கார்னி காம்ப்ளெக்ஸ்ங்கிற மரபணுக் கோளாறோட சேர்ந்து வருமாம், அது இருந்தா இதயத்துலயும் கட்டி வரலாமாம், அதனால எக்கோவும் (இதய ஸ்கேன்) எழுதியிருக்காங்க.