மறு: வெப்ப ஆற்றலுக்குச் சொல் – ‘வெப்ப இருப்பு’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வெப்ப ஆற்றலுக்கு (thermal energy) நல்ல தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ‘வெப்பம்’, ‘வெப்பநிலை’ இரண்டும் நிலைபெற்ற சொற்கள், அவற்றைத் தொட வேண்டாம். பொருளுக்குள் தங்கியிருக்கும் ஆற்றலுக்குத்தான் சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> வெப்ப ஆற்றல் என்றே இருக்கட்டுமே. பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல், ஐயா. மன்னார்குடிப் பக்கம் பல வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியிருக்கிறேன். ‘வெப்பம் ஒருவகை ஆற்றல்’ என்று படித்த பிள்ளை, அடுத்த பக்கத்தில் ‘வெப்ப ஆற்றல்’ என்று பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து சூடு குறைந்த பொருளுக்குக் கைமாறும் ஆற்றல். கைமாறும்போது மட்டுமே அதற்கு அந்தப் பெயர். போய்ச் சேர்ந்தபின் அதை என்னவென்று அழைப்பது? அங்கேதான் நம்மிடம் சொல் இல்லை.

காவிரி டெல்டாவில் இந்த வேறுபாட்டை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் பேப்பரில் முதலில் தேடுவது அந்த அணையின் நிலவரத்தைத்தான். நீர்மட்டம் அடியில், நீர் இருப்பு டிஎம்சியில் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), நீர்வரத்து நொடிக்கு இத்தனை கன அடி என்று. முழுக் கொள்ளளவில் மட்டம் 120 அடி, இருப்பு 93.47 டிஎம்சி. ‘எழுபது அடி இருக்கு, ஆனா இருப்பு பாதிகூட இல்லையே’ என்று டீக்கடையில் கவலைப்படுகிறவர் மட்டத்தையும் இருப்பையும் ஒருநாளும் குழப்பமாட்டார். வெப்பநிலை என்பது மட்டம். துகள்களின் அசைவிலும் அதிர்விலும் கிடக்கும் மொத்த ஆற்றல் இருப்பு. ஆகவே நான் முன்வைக்கும் சொல் வெப்ப இருப்பு.

தன்வெப்ப ஏற்புத்திறனும், அதாவது ஒரு கிலோ பொருள் ஒரு டிகிரி சூடேற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதும், இதில் தானாக விளங்கிவிடுகிறது. குட்டையில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே மட்டம் சரசரவென்று ஏறும். மேட்டூர் நிரம்பும் தறுவாயில் ஓர் அடி ஏற ஒன்றரை டிஎம்சிக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும், ஒரு கிலோ பித்தளைக்கு 380 ஜூல் போதும். தண்ணீர் ஏரி, பித்தளை குட்டை. கொதிக்கும் நீரிலிருந்து எடுத்த பித்தளைக் கரண்டியின் மட்டம் நூறு டிகிரி. வெந்நீர் அண்டாவில் ஐம்பதுதான். ஆனாலும் இருப்பு அண்டாவில்தான் பல மடங்கு அதிகம்.

‘அக ஆற்றல் என்ற சொல் இருக்கிறதே, அதையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன?’ என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அக ஆற்றல் என்பது வேதியாற்றல் உட்படப் பொருளுக்குள் இருக்கும் எல்லா ஆற்றலும் சேர்ந்தது. அதற்கு இது ஏன் ஆகாது என்பதற்கு என் களத்தில் நடந்ததைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

ஒரு குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் காயவைக்க வழியில்லாமல், ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூன்றாம் நாள் பாயை விலக்கினால் ஆவி முகத்தில் அடித்தது. புளித்த வாடை. குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டேன், உள்ளே வைத்திருக்க முடியவில்லை. வெளியே நல்ல மழைக்குளிர். நெல்லைவிடச் சூடான எதுவும் பக்கத்தில் இல்லை. அப்படியென்றால் வெப்பம் எங்கிருந்து உள்ளே போனது? போகவே இல்லை. ஈர நெல் மூச்சுவிடுகிறது, பூஞ்சையும் கூடவே வளர்கிறது. மாவுச்சத்தில் வேதியாற்றலாக இருந்தது துகள்களின் அசைவாக மாறிவிட்டது. உள்ளே வந்த வெப்பம் ஒன்றுமில்லை, ஆனால் வெப்ப இருப்பு ஏறியது. அக ஆற்றல் என்று பார்த்தால் மாவுச்சத்தின் வேதியாற்றலும் அதில் அடக்கம், ஆகவே அந்தக் கணக்கில் எதுவும் கூடவில்லை. குளிர்காற்றுக்குப் போனது போக, கொஞ்சம் குறைந்துகூட இருக்கும். அக ஆற்றல் குறைய, வெப்ப இருப்பு கூடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும்?

பீரங்கிக் குழல் துளைக்கும்போது பார்த்ததாக ரம்ஃபோர்டு என்ற அறிவியலாளர் 1798-இல் வெளியிட்டதும் இதன் உறவுதான். தேய்க்கத் தேய்க்கச் சூடு வந்துகொண்டே இருந்தது. உலோகத்துக்குள் ‘வெப்பம்’ என்று ஒரு சரக்கு அடைந்து கிடந்திருந்தால் அது என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டும்.

‘இருப்பு’ என்றால் மெய்யியலில் வேறு பொருளாயிற்றே என்ற ஐயம் வரலாம். கையிருப்பு, நெல் இருப்பு, வங்கி இருப்பு என்று கூட்டுச்சொல்லாக வரும்போது யாரும் தடுமாறுவதில்லை. இதற்கு ‘உள்வெப்பம்’ என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது வெப்பத்தை மறுபடியும் பொருளுக்குள் கொண்டுபோய் அடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை: உவமையை நீட்டி வெப்பத்துக்கே ‘வரத்து’ என்று பெயர் வைத்துவிடக் கூடாது. வரத்து என்பது நொடிக்கு இத்தனை கன அடி என்ற வீதம். வெப்பத்தை ஜூலில் அளக்கிறோம், அது வந்துசேர்ந்த மொத்த அளவு. வாட்டில் அளக்கும் வெப்பப் பாய்வுக்குத்தான் வரத்து ஒப்பு.

சொல் புழங்குமா என்று பார்க்க வானிலைச் செய்தியில் வைத்துப் பார்த்தேன். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. புயல் வலுப்பதைக் கணிக்கக் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை மட்டும் போதாது, எவ்வளவு ஆழம்வரை சூடாக இருக்கிறது என்பதும் வேண்டும். ‘கடலின் வெப்ப இருப்பு’ என்றால் கேட்டவுடன் புரிகிறது.

இன்னும் ஓர் இடம் எனக்கே உறுத்துகிறது. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது, மட்டமோ நூறிலேயே நிற்கிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் உள்ளே போகிறது. அது துகள்களின் அசைவைக் கூட்டுவதில்லை, பெரும்பாலும் துகள்களுக்கிடையே உள்ள பிணைப்பை அறுக்கிறது. இதையும் வெப்ப இருப்பில் சேர்ப்பதா? சேர்க்கலாம் என்பது என் கருத்து. அப்படிச் சேர்த்தால், இப்படி மட்டம் ஏறாமல் உள்ளே போவதற்கு இப்போதுள்ள பெயரான ‘உள்ளுறை வெப்பம்’ என்பதை ‘உள்ளுறை இருப்பு’ என்று மாற்ற வேண்டி வருமா என்று வேதியியல் அன்பர்கள் சொல்லுங்கள்.